ஊறலைக் கொட்டினால் மெத்தனால் வருகிறது

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. பிறகு உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐக்குப் போனது. முதல் சாவு விழுந்து இரண்டு வாரம் ஆவதற்குள், ஜூன் 29 அன்று, மதுவிலக்குச் சட்டத்தில் திருத்தமும் நிறைவேறியது: சாராயத்தால் உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் கடுங்காவல், 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம்.

அதற்கு ஓராண்டு முன்பு, 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்போதும் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம், தலா 10 லட்சம் ரூபாய், சிபிசிஐடி விசாரணை என்றே நடந்தது. அடுத்த ஊரின் பெயர் தெரியவில்லையே தவிர, அடுத்த சாவு வரும் வழி நமக்குத் தெரிந்தே இருக்கிறது. அந்த வழியில் போலீஸ் நிற்கவில்லை. நிற்கவும் முடியாது.

இரண்டு சம்பவங்களிலும் ஆளைக் கொன்றது மலையடிவாரத்தில் காய்ச்சிய சாராயம் அல்ல. ஆலைகளில் பயன்படும் மெத்தனால். எக்கியார்குப்பம் சாவுகளையடுத்து அன்றைய டிஜிபியே இதை அறிக்கையில் சொன்னார். ஏதோ பொறுப்பைத் தட்டிக்கழிக்கச் சொன்னதாகவே பலரும் அதை எடுத்துக்கொண்டார்கள். அந்த வரிக்குள் இருந்த எச்சரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை.

சாராயம் காய்ச்ச வெல்லமும் பட்டையும் வேண்டும். பானைகளில் ஊறல் போட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு அடுப்பு, விறகு, புகை. ஊறல் நாற்றம் அரை மைலுக்கு அடிக்கும். ஆகவே போலீசுக்குப் பிடிப்பது சுலபம். கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையில் பேரல் பேரலாக ஊறலைக் கவிழ்த்துவிட்டு எடுத்த படங்களை எத்தனை முறை நாளிதழ்களில் பார்த்திருக்கிறோம்! மெத்தனாலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரு கேன் கிடைத்தால் போதும். தண்ணீர் கலந்து பாக்கெட்டில் அடைக்க ஒரு வீட்டின் பின்கட்டே தாராளம். பார்க்கத் தெளிவாக இருக்கும். வாசனையிலும் குடிப்பவருக்குச் சந்தேகம் வராது. ஆக, காய்ச்சுவதை நெருக்க நெருக்க, காய்ச்சாமல் விற்கும் சரக்குக்கு லாபம் கூடுகிறது. வேட்டையில் மட்டும் நம்பிக்கை வைத்தால், நாற்றத்தால் மாட்டிக்கொள்ளும் சரக்கு ஒழிந்து, மாட்டாத விஷம் மிஞ்சும்.

தண்டனையைக் கூட்டினால் பயம் வரும் என்பவர்கள் குஜராத்தைப் பார்க்கட்டும். 1960-ல் மாநிலம் பிறந்த நாளிலிருந்து அங்கே மதுவிலக்கு. 2009-ல் அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகு, விஷச் சாராயச் சாவுக்குத் தூக்குவரை தண்டனை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். 2022 ஜூலையில் போடாட் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ரசாயன நிறுவனக் கிடங்கிலிருந்து வெளியேறிய மெத்தனால். தண்ணீர் கலந்து பாக்கெட்டில் அடைத்த அதே கதை. தூக்குக் கயிறு சட்டப் புத்தகத்தில் இருந்தது. கேனை விற்றவன் கண்ணில் படவில்லை. 2016 முதல் முழு மதுவிலக்கில் இருக்கும் பிகாரில் மது வழக்குகளால் நீதிமன்றங்கள் திணறுகின்றன; சாவுகளும் நின்றபாடில்லை.

இதில் போலீசைத் திட்டுவது எளிது. மாமூல் வாங்காத ஸ்டேஷனே இல்லை என்று தெருவில் பேசுவார்கள். அதில் எவ்வளவு உண்மை என்பது அந்தந்த ஊருக்குத் தெரியும். கருணாபுரம் காட்டுக்குள் இல்லை. நகரத்தின் நடுவில், காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்க விற்றிருக்கிறார்கள். முக்கியக் குற்றவாளி என்று கைதானவர் மீது முன்பே பல வழக்குகள் இருந்தன. மாமூலுக்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் மாமூல் வாங்காத ஓர் ஆய்வாளரை அங்கே உட்கார வைத்தாலும் அவர் கைக்கு எட்டுவது கொஞ்சம்தான். திருட்டுக்குப் புகார் கொடுக்க ஆள் உண்டு. சாராயத்தில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே பக்கம். புகார் தர யாரும் ஸ்டேஷன் படி ஏறுவதில்லை. பிடித்தாலும், ரசாயனப் பரிசோதனை முடிவுக்கும் சாட்சிக்கும் காத்திருந்து வழக்கு இழுக்கும். அதனால்தான் 1982-ம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுக்கிறார்கள். நாம் குண்டாஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தச் சட்டத்தின் நீளமான பெயரில் முதலில் நிற்பவரே சாராய வியாபாரிதான். அதிகபட்சம் 12 மாதம் உள்ளே வைக்கலாம். அந்த உத்தரவுகளிலும் எத்தனையோ, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், ஆவணம் தரவில்லை என்ற காரணங்களால் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகின்றன. ரத்தாகாதவையும் ஓராண்டில் முடிந்துவிடும். அதுவரை தெருமுனை காலியாக இருக்குமா என்ன?

கூலி வேலை முடித்து வருகிறவருக்கு டாஸ்மாக்கில் மலிவான குவார்ட்டரே 2024-ல் ஏறத்தாழ 140 ரூபாய். பாக்கெட் அதில் பாதி விலைக்குள், வீட்டு வாசலிலேயே, விடியற்காலையிலும் கிடைக்கும். மது விற்று ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பெறும் அரசு, குடிக்காதே என்று இவரிடம் சொல்ல முடியாது. எங்கள் கடையில் குடி என்றுதான் சொல்ல முடியும். மூட்டை தூக்கிய உடம்பு வலிக்கு அது பதில் ஆகாது. விலை, கூலி, உடம்பு வலி இந்த மூன்றும் எந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்குள்ளும் வருவதில்லை.

கைது பயத்தால் விளையும் கேடு இன்னொன்று உண்டு. மெத்தனால் குடித்தவருக்கு முதலில் வழக்கமான போதைதான். பல மணி நேரம் கழித்தே வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல். உடம்புக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தின்கிறது. மாற்று மருந்தும் டயாலிசிசும் உண்டு, நேரம்தான் கிடையாது. அந்த நேரத்தில் குடும்பம் என்ன நினைக்கும்? ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், எங்கே குடித்தாய் என்று கேட்கும், கேஸ் போடும். வாந்திக்கு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். கண் தெரியவில்லை என்று ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், அன்றே அந்தத் தெரு முழுவதும் செவிலியர்கள் வீடு வீடாகப் போக வேண்டும். போலீஸ் வண்டி இரண்டு தெரு தள்ளியே நிற்கட்டும். குடித்தவர் மீது வழக்கு இல்லை என்று ஆட்சியர் ஒலிபெருக்கியில் சொல்லட்டும்.

மெத்தனால் மலையில் ஊறுவதில்லை. உரிமம் பெற்ற ஆலையில் தொடங்கி, டேங்கரில் ஏறி, கிடங்கில் இறங்கி, பெயின்ட், வார்னிஷ், மருந்துத் தொழில்களுக்குப் போகிறது. சாராயத்தைப்போல ஆயிரம் இடத்தில் பிறக்காமல், எண்ணிவிடக் கூடிய சில வாசல்கள் வழியாகவே வெளியே வருகிறது. காவலர்களைக் கல்வராயன் மலையில் ஏற்றி இறக்கும் செலவில் ஒரு பகுதியை இந்த வாசல்களில் போட்டிருந்தால் கருணாபுரத்தில் பிணங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி எரித்திருக்க வேண்டாம். உரிமம் யாரிடம், இந்த மாதம் எத்தனை லிட்டர் வந்தது, யாருக்குப் போனது, இருப்பு எவ்வளவு என்று மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும். கணக்கில் ஒரு பேரல் குறைந்தால், பாக்கெட் விற்கும் கிழவிக்கு முன்னால் ஆலை முதலாளி கைதாக வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். மெத்தில் ஆல்கஹாலுக்கும் வார்னிஷுக்கும் என்றே தமிழ்நாட்டில் 1959-லிருந்து விதிகள் இருக்கின்றன.