குதிரைக்கு வாந்தி வராது, மக்கா!

குதிரை ஓட்டக் கத்துக்கலாம்னு போனா, முதல் நாள் கையில கொடுத்தது கடிவாளம் இல்ல... குளம்பு சுரண்டுற கொக்கி! நாலு குளம்புலயும் சிக்கின கல், சாணியை எடுத்தாத்தான் ஏறவே விடுவாங்க. பக்கவாட்டுல நின்னு எடுங்க. பின்னாடி போனா உதைதான்!

அடுத்து சேணம். வாரை இறுக்கும்போது நம்மாளு வயித்தை உப்பிக்குவார். நாலு எட்டு நடத்திட்டு மறுபடி இறுக்கணும். நான் மறந்தேன். சேணத்தோட சரிஞ்சு மண்ணைக் கவ்வினதை ஒரு ஸ்கூல் பையன் பார்த்துச் சிரிச்சான். சரி, விடுங்க.

சீரியஸ் மேட்டருக்கு வர்றேன். சவாரி முடிஞ்ச பாசத்துல, ஒரு வாளி கொள்ளை நீட்டினேன். லாயத்து அண்ணன் வெடுக்குனு பிடுங்கிட்டார்.

''தம்பி, இதுக்கு வாந்தி எடுக்க வராது. வயித்துல சிக்குச்சுன்னா செத்தே போயிடும்!''

நிஜம்தான். இரைப்பை வாசல் அவ்வளவு இறுக்கமாம். இந்த வயித்துவலிக்கு 'கோலிக்'னு பேரு. தீனியைத் தொடாம, வயித்தையே திரும்பிப் பார்த்து, புரண்டு புரண்டு படுத்தா உடனே டாக்டரைக் கூப்பிடணும். அதனால சவாரி முடிஞ்சதும் மூச்சு தணியுற வரைக்கும் நடை, இடையில கொஞ்சம் தண்ணி, அப்புறம் புல். கொள்ளு கடைசியாத்தான், அதுவும் அளவா.

அன்னிக்கு நான் அவன் மேல உட்கார்ந்தது 20 நிமிஷம். பிடிச்சுக்கிட்டு கூடவே நடந்தது 30 நிமிஷம்!