அளவை மாற்றலாம், வரிசையை மாற்றலாமா?

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் வந்ததோ 1956இல். ஆகவே பழைய குறிப்புகளைக் கையிலெடுக்கும் நாம் முதலில் கணக்குப் போடுகிறோம்: ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம், எட்டு ஆழாக்கு ஒரு படி. அதில் பிழையொன்றுமில்லை.

நமது வருத்தம் வேறு. பருப்பு, காய், புளி மூன்றையும் ஒன்றாகக் குக்கரில் அடைத்துவிட்டு, அதற்குப் 'பாட்டி காலத்துச் சாம்பார்' என்று பெயரும் சூட்டிவிடுகிறோம்! புளியின் அமிலம் பருப்பை எளிதில் குழையவிடாது. அதனாலன்றோ பருப்பைத் தனியே வேகவைத்தார்கள்? புளிநீரில் காய் கரையாமல் வெந்தது. பச்சை வாசனை அடங்கும்வரை அது திறந்த பாத்திரத்தில் கொதித்துச் சற்றே வற்றியது. பருப்பு அதன் பின்னரே சேர்ந்தது. மூடிய குக்கரில் நீர் வற்றுவது அரிது.

பாத்திரம் பற்றி நமக்குப் பிடிவாதமில்லை. ஈயச் சொம்பு எனப்படுவது வெள்ளீயம்; 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். நீரின்றி அதைக் கேஸ் அடுப்பில் ஏற்றினால் சொம்பே மிஞ்சாது. எவர்சில்வரில் ரசம் வைப்போரை நாம் குறைகூறோம்.

குக்கர் பருப்பை வேகவைக்கட்டும். புளியை மட்டும் வெளியே விட்டுவையுங்கள்.