விருப்பம் போதாது, கடமையாக்குக!

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2025 மார்ச்சில் வெளியிட்ட சுற்றறிக்கை வன்மையான கண்டனத்துக்குரியது. பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு தருவோரும் அவற்றிடம் வாங்குவோரும் தொழிலாளர்களையும் சுற்றுச்சூழலையும் எப்படி நடத்துகிறார்கள்? சந்தை மதிப்பில் முதல் 250 இடங்களில் உள்ள நிறுவனங்கள் இதை வெளியிட வேண்டும், இயலாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. 2023இல் அதை வகுத்தது செபியேதான். இந்தச் சுற்றறிக்கையில் அதை ஓராண்டு தள்ளிவைத்து, ‘விரும்பினால் வெளியிடலாம்’ என்று தளர்த்திவிட்டது. காரணம் சொல்லும் பொறுப்புகூட மிஞ்சவில்லை.

நிறுவனங்கள் எப்போது தாமாக வாய் திறக்கின்றன? புதிய முதலீடு திரட்டும்போது, வெளிநாட்டுச் சந்தையில் பங்குகளைப் பட்டியலிடும்போது, பெரும் முதலீட்டாளர்கள் துருவிக் கேட்கும்போது, பெயருக்குக் களங்கம் வரும்போது. இந்த நெருக்கடி எதுவும் இல்லாத நிறுவனம், நட்ட மரக்கன்றுகளைப் பக்கம் பக்கமாகப் படம் போடும். உறிஞ்சிய நிலத்தடி நீரைப் பற்றி மூச்சுவிடாது.

அளிக்கும் தகவலுக்கும் சரிபார்ப்பு தேவை. நியூயார்க் சந்தையிலும் பட்டியலிடப்பட்டிருந்த சத்யம் நிறுவனம், சிறந்த நிர்வாகத்துக்காக 2008இல் தங்க மயில் விருது பெற்றது. சில மாதங்களில், 2009 ஜனவரி 7 அன்று, பல ஆண்டுகளாகக் கணக்கைப் பெருக்கிக் காட்டியதை அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். பளபளக்கும் அறிக்கையை நம்பிய பங்குதாரர்கள்தான் பணத்தை இழந்தார்கள்.

முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயமான வணிகப் பொறுப்பு அறிக்கையிலும் ‘விரும்பினால் வெளியிடலாம்’ என்ற ஓட்டை இருக்கிறது. தண்ணீர்ப் பற்றாக்குறைப் பகுதிகளில் எடுக்கும் நீரின் அளவும், சரக்கு தருவோர் முதல் பொருளைப் பயன்படுத்துவோர் வரை வெளியாகும் கரிம அளவும் இன்னும் விருப்பப் பட்டியலில்தான் உள்ளன. மக்களை நேரடியாகப் பாதிக்கும் தகவல் நிறுவனத்தின் தயவில் கிடப்பதை எப்படி ஏற்பது?

பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு தரும் சிறு தொழில்களுக்குச் சுமை கூடும் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அப்படியானால் படிவத்தை எளிதாக்கி, விவரம் திரட்டும் செலவைப் பெரிய நிறுவனத்தின் மீது சுமத்தியிருக்க வேண்டும். கடமையையே நீக்கியது தவறு.

செபி இந்தத் தளர்வை உடனே திரும்பப் பெற வேண்டும். நீர், கரிம விவரங்களைக் கட்டாயப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும். சென்ற ஆண்டு அளித்த வாக்குறுதிகளில் நிறைவேறாதவை எவை, ஏன் என்பதை ஒவ்வொரு ஆண்டறிக்கையும் சொல்ல வேண்டும். பாலிசிதாரர்களின் பணத்தைப் பங்குகளில் போட்டிருக்கும் எல்ஐசி, ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் இவற்றைக் கேட்டே தீர வேண்டும். முதலீட்டாளரைக் காப்பதற்கென்றே சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட வாரியம், நிறுவனங்களின் வசதிக்காக வளைந்து கொடுக்கக் கூடாது.