லாஸ் ஏஞ்சல்ஸ் பெருந்தீ: இத்தனை வீடுகள் எரிந்தது ஏன்?

2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை. காலை 10.30 மணியளவில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கடலோர மலைச்சரிவில் அமைந்துள்ள பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் புகை எழுந்தது. அன்று மாலை 6 மணிக்குச் சற்றுப் பிறகு, நகரின் மறுபுறம் சான் கேப்ரியல் மலையடிவாரத்தில், அல்டடேனா ஊருக்கு மேலே உள்ள ஈட்டன் பள்ளத்தாக்கில் இன்னொரு தீ பற்றியது. இந்த இரண்டு தீயும் முழுமையாகக் கட்டுக்குள் வந்தது ஜனவரி 31 அன்றுதான். அதற்குள் 37,000 ஏக்கருக்கும் அதிகமான நிலமும், 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்களும் எரிந்துவிட்டன. 31 பேர் உயிரிழந்தனர். சுமார் 2 லட்சம் பேர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

எரிந்த கட்டடங்களில் அல்டடேனாவின் மஸ்ஜித் அத்தக்வா பள்ளிவாசலும் ஒன்று. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பகுதி முஸ்லிம்களின் தொழுகைக்கும் ஒன்றுகூடலுக்கும் இடமாக இருந்த அந்தச் சிறிய பள்ளிவாசல் ஒரே இரவில் சாம்பலானது. அருகிலுள்ள பாசடேனாவின் யூத வழிபாட்டுத் தலமும், அல்டடேனாவின் தேவாலயமும் அதே தீயில் எரிந்தன.

உலகின் செல்வம் மிகுந்த நாடு. விமானங்கள், ஹெலிகாப்டர்கள், ஆயிரக்கணக்கான பயிற்சி பெற்ற வீரர்கள் என எல்லாம் அங்கே உண்டு. இருந்தும் ஏன் வீடுகளைக் காப்பாற்ற முடியவில்லை? இதற்குப் பலரும் பல பதில்களைச் சொன்னார்கள். அவற்றில் எது உண்மை, எது அரசியல் என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

காற்றும் காய்ந்த புதர்களும்

தெற்குக் கலிஃபோர்னியாவில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் உள்நாட்டுப் பாலைவனப் பகுதிகளிலிருந்து கடலை நோக்கி வறண்ட காற்று வீசும். இதற்கு சாண்டா ஆனா காற்று என்று பெயர். மலைகளைத் தாண்டிக் கீழே இறங்கும்போது இந்தக் காற்று மேலும் சூடாகி, மேலும் வறண்டு, வேகமும் கூடுகிறது. வழக்கமாக ஜனவரிக்குள் மழை பெய்து புதர்கள் நனைந்திருக்கும் என்பதால் காற்று வீசினாலும் பெரும் ஆபத்து இருக்காது.

இந்த முறை மழையே இல்லை. 2024 மே மாதம் முதல் தீப்பிடித்த நாள் வரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்தில் பெய்த மழை அரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்கு முந்தைய இரண்டு குளிர்காலங்களிலோ நல்ல மழை. அந்த மழையில் செழித்து வளர்ந்த புல்லும் புதரும், எட்டு மாத வறட்சியில் காய்ந்து விறகாகக் கிடந்தன. அப்போதுதான் மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் காற்று வீசியது. இப்படிப்பட்ட வானிலை அமைவதற்கான வாய்ப்பை மனிதர்களால் ஏற்பட்ட காலநிலை மாற்றம் சுமார் 35 சதவீதம் கூட்டியிருக்கிறது என்று 'வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன்' என்ற விஞ்ஞானிகள் குழு கணக்கிட்டுள்ளது.

அந்தக் காற்றில் விமானங்களாலும் ஹெலிகாப்டர்களாலும் பறக்க முடியவில்லை. அன்றிரவு அவை தரையிலேயே நிறுத்தப்பட்டன. பறந்திருந்தாலும், கொட்டும் தண்ணீர் இலக்கை அடையும் முன்பே காற்றில் சிதறியிருக்கும். தீயணைப்பு வீரர்களின் வலிமையான கருவி, அது மிகவும் தேவைப்பட்ட இரவில் அவர்கள் கையில் இல்லை.

தண்ணீர் எங்கே போனது?

பாலிசேட்ஸ் பகுதியில் வீரர்கள் குழாயைத் திறந்தபோது தண்ணீர் வரவில்லை என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. அது உண்மைதான். அப்பகுதிக்குத் தண்ணீர் தரும் மூன்று மேல்நிலைத் தொட்டிகளில் ஒவ்வொன்றின் கொள்ளளவும் சுமார் 38 லட்சம் லிட்டர். முதல் தொட்டி ஜனவரி 7 மாலையிலும், இரண்டாவது அன்றிரவும், மூன்றாவது மறுநாள் அதிகாலை 3 மணிக்கும் காலியாகின. வழக்கமான தேவையைப்போல் நான்கு மடங்கு தண்ணீர் 15 மணி நேரம் தொடர்ந்து எடுக்கப்பட்டதாக நகரின் குடிநீர் வாரியம் தெரிவித்தது.

காரணம் எளிமையானது. தெருக்களில் உள்ள தீயணைப்புக் குழாய்கள் ஒரு வீடு, ஒரு கட்டடம் எரிந்தால் அணைப்பதற்காக அமைக்கப்பட்டவை. ஒரே நேரத்தில் ஆயிரம் வீடுகள் எரியும் என்று எந்த நகரமும் குழாய் பதிப்பதில்லை. எரிந்து விழுந்த ஒவ்வொரு வீட்டிலும் உடைந்த குழாய் வழியாகத் தண்ணீர் வீணாக ஓடியதால் அழுத்தம் மேலும் குறைந்தது.

இதில் நிர்வாகத்தின் பொறுப்பும் உண்டு. அப்பகுதியிலேயே இருக்கும் சாண்டா யினெஸ் நீர்த்தேக்கம் 44 கோடி லிட்டர் கொள்ளக்கூடியது. அதன் மேல்மூடி கிழிந்ததால் 2024 தொடக்கத்திலேயே காலி செய்யப்பட்டு, பழுதுபார்ப்புக்காகப் பல மாதங்கள் காத்துக் கிடந்தது. அது நிரம்பியிருந்தாலும் இவ்வளவு பெரிய தீயை நிறுத்தியிருக்காது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் தீ அபாயம் மிகுந்த மலைப்பகுதியில் ஒரு நீர்த்தேக்கம் ஓராண்டுக்கு அருகில் வறண்டு கிடந்ததை இயற்கையின் கணக்கில் எழுதிவிட முடியாது.

வீரர்கள் என்ன செய்ய முடிந்தது?

காட்டுத்தீயில் வீடுகள் எரிவது பெரும்பாலும் நெருப்புச் சுவர் வந்து மோதுவதால் அல்ல. காற்றில் பறந்து வரும் பொறிகளால்தான். ஒரு பொறி கூரையின் காற்றுத் துவாரத்தில் நுழைந்தால் போதும். ஒரு பொறி சுவரோரம் குவிந்த சருகில் விழுந்தால் போதும். முதல் வீடு எரிந்த பிறகு காட்டுக்கே வேலையில்லை. ஒரு வீடு அடுத்த வீட்டைக் கொளுத்துகிறது.

இந்த நிலையில் தீயணைப்பு வண்டியில் வரும் நான்கு பேர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கும். எந்த வீட்டைக் காப்பாற்ற முடியும், எதை விட்டுவிட வேண்டும்? முற்றாகப் பற்றிய வீட்டில் தண்ணீரைச் செலவிட்டால், அடுத்த மூன்று வீடுகளும் போய்விடும். அதைவிட முதன்மையானது, உள்ளே சிக்கியவர்களை வெளியே கொண்டுவருவது. பாலிசேட்ஸ் சாலையில் நெரிசலில் மக்கள் கார்களை அப்படியே விட்டுவிட்டு ஓடியதால், புல்டோசர் கொண்டு அவற்றை ஒதுக்கித் தள்ளித்தான் தீயணைப்பு வண்டிகள் உள்ளே போக முடிந்தது.

அந்த நாட்களில் இரவு பகலாக நின்றவர்களில் பலர் கவனத்தில் பெறாதவர்கள் சிறைக்கைதிகள். கலிஃபோர்னியாவில் பயிற்சி பெற்ற கைதிகள் தீயணைப்பு முகாம்களில் பணிபுரிகிறார்கள். இந்தத் தீயில் ஆயிரத்துக்கு நெருக்கமானோர் களத்தில் இருந்தனர். தீ மேலும் பரவாதபடி கைக்கருவிகளால் புதர்களை வெட்டி, மண்ணைச் சுரண்டித் தடுப்புக்கோடு அமைப்பது இவர்களின் வேலை. இதற்கு அப்போது கிடைத்த அடிப்படைக் கூலி நாளொன்றுக்குச் சுமார் 6 முதல் 10 டாலர்; நெருக்கடிக் காலத்தில் மணிக்கு மேலும் 1 டாலர். ஆபத்து ஒன்றே, கூலி மட்டும் வேறு. இந்தத் தீக்குப் பிறகு எழுந்த குரல்களால், களத்தில் இருக்கும் நேரத்துக்கு மணிக்கு 7.25 டாலர் வழங்கும் சட்டம் 2025 அக்டோபரில் கையெழுத்தானது. தாமதமானாலும் நல்ல முடிவு.

வீரர்களின் துணிச்சலைப் பாராட்டும் அதே நேரத்தில், அவர்களுக்கு மேலே இருந்தவர்களிடம் கேள்வி கேட்பதும் நியாயமே. ஆபத்தான காற்று வரப்போகிறது என்று வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அப்படியிருந்தும், அன்று காலை பணிநேரம் முடிந்த சுமார் 1,000 வீரர்களை நகரத் தீயணைப்புத் துறை நிறுத்தி வைக்கவில்லை. நகர மேயர் கேரன் பாஸ் அந்த நாளில் கானா அதிபரின் பதவியேற்பு விழாவில் இருந்தார். அடுத்த மாதம் தீயணைப்புத் துறைத் தலைவர் கிறிஸ்டின் குரோலியை மேயர் பதவிநீக்கம் செய்தார். ஜனவரி 1 அன்று அதே மலையில் பற்றி அணைக்கப்பட்ட ஒரு சிறு தீ, வேர்களுக்கடியில் கனன்றுகொண்டிருந்து ஆறு நாள் கழித்துக் காற்றில் மீண்டும் மூண்டது என்று மத்தியப் புலனாய்வாளர்கள் பின்னர் கூறினர். அணைந்துவிட்டது என்று நம்பிய ஒரு தீதான் ஊரை எரித்திருக்கிறது.

லேக் அவென்யூவுக்கு மேற்கே

பாலிசேட்ஸில் வசித்தவர்களில் பலர் செல்வந்தர்கள், திரைப் பிரபலங்கள். அதனால் கேமராக்கள் அங்கேயே நின்றன. ஆனால் இந்தத் தீயில் இறந்தவர்களில் அதிகமானோர், 19 பேர், அல்டடேனாவில்தான் இறந்தார்கள்.

அல்டடேனாவை லேக் அவென்யூ என்ற சாலை இரண்டாகப் பிரிக்கிறது. இன அடிப்படையில் வீட்டுக்கடன் மறுக்கப்பட்ட காலத்தில், கருப்பின மக்கள் வீடு வாங்க முடிந்த சில இடங்களில் ஒன்று அதன் மேற்குப் பகுதி. தலைமுறை தலைமுறையாக உழைத்து வாங்கிய வீடுகள் அவை. ஈட்டன் தீ பற்றிய மாலையிலேயே சாலைக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு வெளியேற்ற உத்தரவு போனது. மேற்கே உள்ளவர்களுக்கு அது போனபோது மறுநாள் அதிகாலை 3 மணி தாண்டிவிட்டது. உயிரிழந்த 19 பேரில் ஏறத்தாழ எல்லோரும் மேற்குப் பகுதியினர். பெரும்பாலோர் முதியவர்கள், சிலர் தாமாக நடக்க இயலாதவர்கள்.

இது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. கவுண்டி நிர்வாகம் அமைத்த ஆய்வு, காலாவதியான நடைமுறைகளையும் ஆள் பற்றாக்குறையையும் காரணம் காட்டியது. ஆனால் ஒரு நிர்வாகத்தின் பலவீனம் எப்போதும் யார் மீது போய் விழுகிறது என்பதை அந்தச் சாலை காட்டிவிட்டது. மறுபுறம் பாலிசேட்ஸில், ஒரு பெரிய வணிக வளாகம் சொந்தச் செலவில் தனியார் தீயணைப்பு வீரர்களையும் தண்ணீர் லாரிகளையும் அமர்த்தித் தப்பித்துக்கொண்டது.

பழி போடும் அரசியல்

தீ எரிந்துகொண்டிருக்கும்போதே பழி போடும் போட்டி தொடங்கிவிட்டது. அப்போது அதிபராகத் தேர்வாகியிருந்த டொனால்டு டிரம்ப், ஒரு சிறு மீனினத்தைப் பாதுகாக்க வடக்கிலிருந்து வரும் தண்ணீரை ஆளுநர் கவின் நியூசம் தடுத்ததால்தான் குழாய்கள் வறண்டன என்றார். தெற்குக் கலிஃபோர்னியாவின் பெரிய நீர்த்தேக்கங்களில் அப்போது போதிய தண்ணீர் இருந்தது. குறை இருந்தது மலைமேல் தண்ணீரை ஏற்றும் அமைப்பில். பெண்களையும் சிறுபான்மையினரையும் வேலைக்குச் சேர்த்ததால்தான் துறை தோற்றது என்று சிலர் எழுதினார்கள். எந்தப் பேரிடர் வந்தாலும் சிறுபான்மையினர் மீது விரல் நீட்டும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

ஈட்டன் தீக்கு ஒரு மின் நிறுவனத்தின் கம்பிகளே காரணம் என்று குற்றம்சாட்டி அமெரிக்க அரசே 2025 செப்டம்பரில் வழக்குத் தொடுத்தது. மீனைப் பற்றிப் பேசியவர்கள் மின்கம்பியைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

நமக்குள்ளும் ஒரு கேள்வி

காஸாவில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. எரியும் லாஸ் ஏஞ்சல்ஸ் படங்களைப் பகிர்ந்து, 'இது காஸாவுக்கான தண்டனை' என்று எழுதிய பதிவுகள் நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் வலம் வந்தன. அந்த வேதனை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்கள், அதே தீயில் ஒரு பள்ளிவாசல் எரிந்ததை அறிந்திருப்பார்களா? படுக்கையிலேயே கருகிய கருப்பின முதியவர் காஸாவுக்கு என்ன தீங்கு செய்தார்?

ஒரு துன்பம் யாருக்குச் சோதனை, யாருக்குத் தண்டனை என்பதை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அந்தத் தீர்ப்பை நாம் எடுத்துக்கொள்வதற்கு உரிமை இல்லை. அடுத்தவர் வீடு எரிவதைப் பார்த்து மகிழும் மனம், காஸாவின் வீடு எரிவதைப் பார்த்து மகிழ்ந்தவர்களின் மனத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

அல்டடேனா முஸ்லிம்கள் எடுத்த வழி வேறு. வீடிழந்தவர்களுக்கு அக்கம்பக்கத்துப் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்தன; மதம் பார்க்காமல் உணவும் உடையும் வழங்கப்பட்டன. சில வாரங்களில் வந்த ரமளானில், தம் பள்ளிவாசல் இல்லாமல் அவர்கள் வேறு இடத்தில் கூடி நோன்பு திறந்து தொழுதார்கள்.

தீ வந்த பிறகு வீரர்களால் செய்ய முடிவது கொஞ்சம்தான். வீட்டுச் சுவரையொட்டி ஐந்தடிக்குச் சருகோ விறகோ இல்லாமல் வைத்திருப்பது, கூரைத் துவாரத்தில் நெருக்கமான கம்பிவலை போடுவது, நீர்த்தேக்கத்தை நேரத்துக்குப் பழுதுபார்ப்பது, நடக்க முடியாத அண்டைவீட்டாருக்கு யார் வாகனம் கொண்டுவருவது என்று முன்பே பேசி வைப்பது: காப்பாற்றப்பட்ட வீடுகளும் உயிர்களும் பெரும்பாலும் இத்தகைய ஏற்பாடுகளால்தான் காப்பாற்றப்பட்டன. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவன் மீது நம்பிக்கை வைக்கக் கற்றுக்கொண்ட சமுதாயம் நாம். அந்தப் பாடத்தை ஒரு பணக்கார நகரம் மறந்ததன் விலை 31 உயிர்கள்.