சொந்தக் கதையும் சமூக உறவும்

கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றிய பிணக்கு 2019 இல் உண்ணாவிரதமாகவும் 2024 இல் வீதிப் போராட்டமாகவும் வெளிப்பட்டது. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு திறத்தாரின் நியாயங்களை எடைபோடுதல் ஈண்டு நம் நோக்கமன்று. ஒரே மொழி பேசி, அடுத்தடுத்த ஊர்களில் வாழ்வோர் ஒருவரையொருவர் அறியாது வளர்வது எங்ஙனம் என்பதே வினா. விடையின் ஒரு கூறு பாடசாலையில் உளது.

தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை எனப் பிரிந்த ஒழுங்கிலே பாண்டிருப்புச் சிறுவனும் மருதமுனைச் சிறுவனும் ஒரே வாங்கில் அமர்தல் அரிது. இருவரும் ஒரே பாடநூலைக் கற்பர். ஒருவர் வீட்டை மற்றவர் அறியார். சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்திற்குமான கல்வி குறித்துக் கல்வியமைச்சு 2008 இல் தேசியக் கொள்கை வகுத்தது. கொள்கை ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? வகுப்பறையில் அதற்கொரு செயல் வேண்டுமன்றோ!

வாரத்தில் ஒரு பாடவேளை மாணாக்கர் வட்டமாக அமர்ந்து, தம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைத் தாமே சொல்லுதல் அத்தகைய செயலாகும். தறியில் நெய்யும் தந்தை, கரைவலை இழுக்கும் மாமன், வளைகுடா நாட்டிற்குப் பணிப்பெண்ணாகச் சென்ற தாய் என, ஒரே வகுப்பினரும் அறியாத செய்திகள் அங்கே வெளிவரும்.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இன்றைய மாணாக்கர் அதன் பின்னர்ப் பிறந்தவர். எனினும், மூத்தம்மா சொன்ன கதை முஸ்லிம் பிள்ளையிடமும், அம்மம்மா சொன்ன கதை தமிழ்ப் பிள்ளையிடமும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர்க்கு அலை ஒன்றே என்பது புலனாகும்.

இதில் ஆசிரியர் காக்கவேண்டிய நெறிகள் சில உள. புள்ளி இடலாகாது. துயருற்ற பிள்ளையைப் பேசுமாறு வற்புறுத்தலாகாது. வாளாவிருத்தலும் அதன் உரிமையே. இடைமறித்துத் திருத்துதலும் ஆகாது. இக்குற்றத்தை யானும் செய்தவன். தன் உம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய பிள்ளையை, ‘தாய்’ என்று சொல்லுமாறு ஒருமுறை திருத்தினேன். பிள்ளை அவ்வாறே சொல்லிற்று; ஆனால் கதையைத் தொடரவில்லை. இலக்கணம் கற்பிக்க வேறு வேளை உண்டு என்பதை அன்று உணர்ந்தேன்.

தவணைக்கு ஒருமுறையேனும் அயலிலுள்ள தமிழ், முஸ்லிம் பாடசாலை மாணாக்கர் ஒருங்கே அமர்ந்து கதை சொல்லுதல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. நடந்து செல்லும் தூரமே. நாளை எல்லை வழக்கைப் பேச அமர்வோர் இப்பிள்ளைகளே. எதிரில் இருப்பவரின் வீட்டுக் கதையை முன்னரே கேட்டவராய் அமர்வாராயின், அப்பேச்சின் தொடக்கமே வேறாகும்.