350 முறை ஒலித்த மணிகள்

2009ஆம் ஆண்டு டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு டென்மார்க் தேசத்துத் தேவாலய மணிகள் ஒலிக்கத் தொடங்கின. ஐக்கிய நாடுகள் அவையின் காலநிலை மாநாடு தலைநகர் கொப்பன்ஹேகனில் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. உலகத் திருச்சபைகள் மன்றம் விடுத்த அழைப்பை ஏற்று, பசிபிக் தீவுகளில் தொடங்கிய அவ்வொலி பொழுதைப் பின்தொடர்ந்து மேற்கு நோக்கி நாடு நாடாக நகர்ந்தது. மணி மட்டுமன்றிச் சங்கும் முரசும் முழங்கலாம் எனவும் அழைப்பு கூறியது.

ஒலித்தது 350 முறை. வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டின் அளவு பத்து இலட்சத்தில் 350 பங்கைத் தாண்டலாகாது என்பது அறிவியலாளர் ஜேம்ஸ் ஹான்சனும் அவருடன் ஆய்ந்தோரும் 2008இல் வகுத்த எல்லை. மணி ஒலித்த ஆண்டிலேயே அது 387ஐ எட்டியிருந்தது. இன்று 420ஐயும் கடந்துவிட்டது.

கொப்பன்ஹேகன் பேராலயத்தில் அன்று நடந்த வழிபாட்டுக்கு மூன்று பொருட்கள் ஏந்திவரப்பட்டன: பனியாறு உருகியதால் வெளிப்பட்ட கிறீன்லாந்துக் கற்கள், வெளிறிய பசிபிக் பவளம், ஆபிரிக்க வயலில் காய்ந்துபோன சோளக் கதிர்கள். காபனை மிகக் குறைவாகக் கக்கிய மக்களின் இழப்புகளே அப்பீடத்தை அடைந்தன. மாநாடோ எவரையும் சட்டத்தால் கட்டுப்படுத்தாத ஓர் இணக்கப்பாட்டுடன் கலைந்தது. அதனைக்கூட மாநாடு ஏற்கவில்லை. 'கவனத்திற் கொண்டது', அவ்வளவே.

அப்படியாயின் மணியடித்துக் கண்ட பயன் யாது? இவ்வினா புலம்பெயர் தமிழருக்குப் புதிதன்று. அதே 2009இல், ரொறன்ரோ வீதிகளில் மனிதச் சங்கிலியாகக் கைகோத்தோரையும், இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் எழுபது நாட்களுக்கு மேலாக நின்றோரையும் நோக்கி இதே வினாதான் வீசப்பட்டது. அரசுகள் செவிசாய்க்கவில்லை. ஆயினும் அன்று பெற்றோரின் கைபிடித்து நின்ற சிறுவர் பலர் இன்று தாமே கேள்வி கேட்கும் வயதினர்.

திருச்சபைகளும் மணிக்கயிற்றோடு நின்றுவிடவில்லை. 2014இல் உலகத் திருச்சபைகள் மன்றம் தன் பணத்தை நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களில் முதலிடுவதில்லை எனத் தீர்மானித்தது. இனஒதுக்கல் தென்னாபிரிக்காவுக்கு எதிராகக் கையாண்ட புறக்கணிப்பை இந்நிறுவனங்கள் மீதும் கையாளுமாறு பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அதே ஆண்டில் அறைகூவினார். இங்கிலாந்துத் திருச்சபை தன் நிதியைப் பெரும் எண்ணெய் நிறுவனங்களிலிருந்து விலக்குவதாக அறிவிக்க 2023 ஆயிற்று. பதினான்கு ஆண்டுத் தாமதம் பெருமைக்குரியதன்று; ஆனாலும் அடையாளச் செயலொன்று பணப்பெட்டி வரை சென்றதற்கு இது சான்று.

"ஊரில் ஆயிரம் துயர் இருக்க, வெள்ளையரின் இக்கவலை எமக்கெதற்கு?" என்னும் பெற்றோர் யாழ்ப்பாணத்துக் கிணற்றை ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு அது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கும் நன்னீரே குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் உதவுகிறது. அந்நன்னீருக்கு அடியில் இருப்பது உவர்நீர். அளவுமீறி இறைத்ததால் கரையோரக் கிணறுகள் பல முன்னரே உவர்த்துவிட்டன. கடல்மட்டம் உயர உயர உவர் இன்னும் உள்ளே வரும். போருக்குத் தப்பிய காணியையும் உப்பு விட்டுவைக்காது. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் வானூர்தியின் புகைக்கும் அதில் பங்குண்டு என்பதைச் சொல்லத்தான் எவருக்கும் மனம் வருவதில்லை.

புலம்பெயர் மண்ணில் தமிழருக்குக் கோயில்கள் உண்டு, ஆலயப் பங்குகள் உண்டு. அவற்றுக்கு நிதியும் நிர்வாக சபையும் உண்டு. மணியும் சங்கும் அங்கே நாள்தோறும் ஒலிக்கின்றன. அந்நிதி எந்த வங்கியில் இருக்கிறது, அவ்வங்கி அதனை எங்கே முதலிடுகிறது என்று அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமை இளையோருக்கு உண்டு. அவர்களை உட்காரச் சொல்லாதிருப்பது பெற்றோரின் கடமை.