அந்தப் பியானோவை வாசித்தவர் யார்?

2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் சூப்பர் பவுல் இடைவேளை நிகழ்ச்சியை டாக்டர் டிரே 'ஸ்டில் டி.ஆர்.இ.' பாடலோடு முடித்தார். 1999-இல் வந்த பாட்டு. தொடக்கத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பியானோவைக் கேட்டதுமே எல்லாருக்கும் டிரே முகம்தான் நினைவுக்கு வரும். வாசித்தவர் ஸ்காட் ஸ்டோர்ச். பாட்டு வரிகளும் ஜே-ஸி எழுதியவை.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. நமக்குத் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். ஹிப் ஹாப்பில் பாட்டின் இசையைக் கட்டுபவர். பலர் வாசித்துக் கொடுத்ததில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவெடுத்தது டிரேயின் காது. ஸ்டோர்ச் பெயரும் பாட்டை உருவாக்கியவர்கள் பட்டியலில் எழுத்தில் இருக்கிறது. உரிமைத்தொகை வருவது அந்த எழுத்தால்தான். வீட்டு அறையில் பீட் போட்டு, "அண்ணன் பார்த்துக்குவாரு" என்று வாய்ப்பேச்சோடு கொடுத்துவிடும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பிறகு ஸ்டோர்ச் தன் பெயரிலேயே பெரிய ஆளானார். 2004-இல் 'லீன் பேக்', 2005-இல் 'கேண்டி ஷாப்', இரண்டும் பில்போர்டில் முதலிடம். ஆனால் கோகெய்ன் பழக்கமும் ஆடம்பரமும் சம்பாதித்ததையெல்லாம் கரைத்தன. 2015-இல் திவால் மனு கொடுத்தார். அதன் பிறகும் கீபோர்டை விடவில்லை.